லண்டன் றொக்சி கிளப்புக்கு அந்தக் காலத்தில் போன ஆட்கள் யாராவது இருக்கிறீங்களா?

கல்லடிப் பொடியன்:

மட்டக்களப்பில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பாண்ட் வைத்திருக்கிறோம். கிற்றார், பேஸ், ட்ரம்ஸ், பாடுவதற்கு ஒரு தங்கச்சி. நண்பன் ஒருவனின் வீட்டுக் கராஜில்தான் பழகுகிறோம். கோயில் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் கூப்பிடுவார்கள், காசும் தருவார்கள். ஆனால் சினிமாப் பாட்டும் பைலாவும்தான் வேண்டும். சொந்தப் பாட்டு ஒன்றைத் தொடங்கினால் பாதியிலேயே மேடைக்குச் சீட்டு வந்துவிடும்: "தம்பி, ஆடுற மாதிரி ஒண்டு போடுங்க."

பங்க் என்ற வேகமான, முரட்டு றொக் இசைக்கு லண்டனில் 1977 இல் றொக்சி என்று ஒரு கிளப் இருந்தது, சில மாதங்கள்தான் நல்லாக நடந்தது, அதற்குள்ளேயே பெரிய பெரிய பாண்டுகள் அங்கே வாசித்துவிட்டன என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். அவ்வளவு சின்ன இடத்தில் அது எப்படி நடந்தது? உள்ளே நின்று பார்த்த எங்கட ஊர் ஆட்கள் இருந்தால் சொல்லுங்க. பாண்டுகளின் பெயர்ப் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. இடம் எப்படி, சனம் எப்படி, சத்தம் எப்படி, காசு எப்படி, அதுதான் எனக்கு வேண்டும்.

அக்கரைப்பற்று நானா:

பங்க் எண்டா தலைமயிரைக் கத்தாழை மாதிரி நட்டு வைச்சிக்கொண்டு திரிவாங்களே, அதுதானே? இந்தப் பக்கத்தில் அந்தக் காலம் லண்டன் போன ஆட்கள் படிச்சுப் பட்டம் எடுத்த கதைதான் சொல்லுவாங்க. கிளப்புக்குப் போன கதையை யாரும் சொல்ல மாட்டாங்க தம்பி. பார்ப்பம்.

புளியந்தீவு மாமா:

நான் சொல்கிறேன். 1976 இல் கணக்கியல் படிக்க லண்டன் போன ஆள் நான். பகலில் வகுப்பு, இரவில் கொவென்ட் கார்டன் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவும் வேலை. றொக்சி அங்கிருந்து நடக்கிற தூரம்.

முதலில் அந்த இடத்தை விளங்க வேண்டும் தம்பி. இப்போது கொவென்ட் கார்டன் என்றால் உல்லாசப் பயணிகளும் விலை கூடின கடைகளும்தான். அப்போது அப்படியில்லை. அங்கே இருந்த பெரிய மரக்கறி, பழச் சந்தை 1974 இல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நைன் எல்ம்ஸுக்குப் போய்விட்டது. சந்தையை நம்பியிருந்த களஞ்சியங்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. இரவில் சன நடமாட்டமே இராது. நீல் வீதி 41-43 ஆம் இலக்கக் கட்டடமும் முந்தி அப்படி ஒரு களஞ்சியம்தான். மறுகா அது சகுவராமாஸ் என்ற பெயரில் தற்பாலீர்ப்பாளர்கள் கூடுகிற இரவு விடுதியாக இருந்தது. அந்த இடத்தைத்தான் அன்ட்ரூ செசோவ்ஸ்கி, சூசன் கரிங்டன், பாரி ஜோன்ஸ் என்ற மூன்று பேர் எடுத்தார்கள். செசோவ்ஸ்கி கிங்ஸ் வீதியில் ஆக்மி அட்ராக்ஷன்ஸ் என்ற உடுப்புக் கடைக்குக் கணக்குப் பார்த்த ஆள். எங்கட தொழில் என்றபடியால் எனக்கு அதில் ஒரு சின்னச் சந்தோஷம்.

1976 டிசம்பர் 14 இல் ஜெனரேஷன் எக்ஸ் என்ற பாண்ட் வாசித்தது. 1977 புதுவருட நாளன்று த க்ளாஷ் என்ற பாண்டை வைத்து முறையாகத் திறந்தார்கள். அந்த நேரத்தில் ஏன் அப்படி ஓர் இடம் தேவைப்பட்டது என்றால், 1976 டிசம்பர் 1 ஆம் திகதி செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் பாண்ட் பொடியன்கள் தொலைக்காட்சி நேரடி நிகழ்ச்சியில் தூஷணம் பேசிவிட்டார்கள். அடுத்த நாள் பத்திரிகை முழுக்க அந்தக் கதைதான். ஊர் ஊராகப் போகவிருந்த அவர்களுடைய நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவற்றை நிறுத்தினார்கள். பங்க் என்று சொன்னாலே மண்டபக்காரர்கள் கதவைப் பூட்டினார்கள். பாண்டுகள் இருந்தன, வாசிக்க இடம் இல்லை. பகிடி என்னவென்றால், இவ்வளவுக்கும் காரணமான பிஸ்டல்ஸ் றொக்சியில் ஒரு நாளும் வாசிக்கவில்லை.

என்னைக் கூட்டிக்கொண்டு போனது என்னோடு கோப்பை கழுவின ஒரு ஜமேக்காப் பொடியன். அவன் போனது பங்குக்காக இல்லை, ரெகே என்ற ஜமேக்கா இசைக்காக. அங்கே றெக்கோட் போட்டவர் டொன் லெட்ஸ். அவருடைய தாய் தகப்பன் ஜமேக்காவிலிருந்து வந்தவர்கள். இரண்டு பாண்டுக்கு இடையில் போடுவதற்கு அப்போது பங்க் றெக்கோட் எங்கே இருந்தது? த டாம்ட் என்ற பாண்டின் முதல் சிங்கிள் வந்ததே 1976 அக்டோபரில், இங்கிலாந்துப் பங்குக்கு அதுதான் தலைப்பிள்ளை. அதனால் மனுசன் ரெகேயும் அதன் கிளையான டப்பும் போட்டார். வெள்ளைக்காரப் பொடியன்களுக்கு அது பிடித்துப்போனது. 1977 இல் வந்த க்ளாஷின் முதல் அல்பத்திலும் ஒரு ரெகேப் பாட்டு இருக்கிறது. தட்டுப்பாட்டால் வந்த நன்மை என்றுதான் நான் இதைச் சொல்வேன்.

உள்ளே போனால் மேல் மாடியில் பார். படியால் இறங்கினால் நிலவறை, அங்கேதான் மேடை, சுவரில் கண்ணாடிகள். வியர்வையும் சிகரெட் புகையும் சேர்ந்து மூச்சு முட்டும். சத்தம் படுமோசம். பாட்டு வரி ஒன்றும் விளங்காது. ஒரு பாட்டு இரண்டு நிமிடம், சில நேரம் அதுவும் இல்லை. கம்பி அறுந்தால் எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க அங்கேயே மாட்டுவார்கள், யாரும் கூ அடிக்க மாட்டார்கள். ஏனென்றால் கீழே நின்றவர்களில் பாதிப் பேர் பாண்ட் தொடங்கப் போகிறவர்கள். போன கிழமை பக்கத்தில் நின்று என் காலை மிதித்தவன் இந்தக் கிழமை மேடையில் நிற்பான். நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கிற மறுமொழி இதுதான் தம்பி. கேட்க வந்த சனமும் வாசிக்க வந்த சனமும் ஒன்று. நிரந்தரமாக ஓர் இடம் திறந்து கிடந்தது. வேறு மந்திரம் ஒன்றும் இல்லை.

காறித் துப்புகிற பழக்கத்தைப் பற்றியும் வாசித்திருப்பீங்கள். பாண்ட் மேல் அன்பு காட்டுகிறார்களாம்! எனக்கு இன்றைக்கும் அருவருப்பு. அதைப் பெருமையாக எழுதுகிறவர்களைக் கண்டால் எரிச்சல்தான் வரும்.

தொடங்கின மூன்று பேரும் 1977 ஏப்ரலிலேயே வெளியேற வேண்டி வந்தது. வேறு ஆட்கள் கொஞ்சக் காலம் நடத்தினார்கள், 1978 இல் மூடினார்கள். பெயர் வாங்கினதெல்லாம் அந்த முதல் நாலு மாதத்தில்தான்.

பாடுற தங்கச்சி:

மாமா, இவர் சொன்ன பாண்டில் பாடுறது நான்தான். பொம்பிளைப் பிள்ளைகள் அங்கே எப்படி நின்றார்கள்? மேடையில் என்னைப் பாட விடுவார்கள். ஆனால் கிற்றாரைத் தொட்டால், "தங்கச்சி, அதை வைச்சிட்டுப் பாடுங்க" என்று சொல்ல ஓர் ஆள் எப்போதும் இருப்பார்.

புளியந்தீவு மாமா:

நல்ல கேள்வி மகள், நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய விஷயம். எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் என்ற பாண்டில் பாடின பொலி ஸ்டைரீன் பல்லுக்குக் கம்பி போட்ட பிள்ளை. தகப்பன் சோமாலியர். அந்தக் குரல் கண்ணாடி உடைக்கும். அவரோடு சாக்ஸபோன் ஊதினது லோரா லொஜிக், பள்ளிக்கூடம் போகிற வயது. த அட்வேர்ட்ஸில் பேஸ் வாசித்தது கேய் அட்வேர்ட் என்ற பெண். த ஸ்லிட்ஸ் முழுக்கப் பெண்கள், அப்போதுதான் வாத்தியம் பழகத் தொடங்கியிருந்தார்கள், அதை மறைக்கவும் இல்லை. நான் மட்டக்களப்பில் வளர்ந்தவன், இலங்கை வானொலியில் கேட்டுத்தான் ஆங்கிலப் பாட்டுப் பழக்கம். பெண் என்றால் பாட மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். மேடையில் அந்தப் பிள்ளைகள் அம்ப்ளிஃபயரைத் தாங்களே தூக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்தபிறகு அந்த எண்ணம் போய்விட்டது. கிற்றாரை வைக்காதீங்க.

எல்லாம் சந்தோஷமாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். கிளப்புக்குள் என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே இரவு பஸ்ஸில் வீட்டுக்குப் போவதுதான் பயம். நாஷனல் ஃப்ரண்ட் என்ற இனவாதக் கட்சி அப்போது தெருத் தெருவாக ஊர்வலம் போனது. மண்ணிறத் தோல் என்றால் மேல்மாடியில் இருக்க மாட்டோம், சாரதிக்குக் கிட்ட இருப்போம். அதனால்தான் 1978 ஏப்ரல் 30 முக்கியம். ரொக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம் என்ற இனவாத எதிர்ப்பு இயக்கம் ட்ரஃபல்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பூங்கா வரைக்கும் ஊர்வலம் வைத்து, அங்கே க்ளாஷ், ஸ்டீல் பல்ஸ், எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் எல்லோரும் வாசித்தார்கள். பங்கும் ரெகேயும் ஒரே மேடையில். நிலவறையில் றெக்கோட் தட்டுப்பாட்டால் தொடங்கின பழக்கம் அந்தப் பூங்கா வரைக்கும் வந்தது என்பது என் அபிப்பிராயம். மற்றவர்கள் வேறு காரணம் சொல்லலாம்.

அக்கரைப்பற்று நானா:

மாமா, றெக்கோட் ஏதும் கையில் இருக்கா? இருந்தால் படம் எடுத்துப் போடுங்களேன்.

புளியந்தீவு மாமா:

1978 நடுப்பகுதியில் ஒரு பெட்டி றெக்கோட்டோடு ஊருக்கு வந்தேன். நவம்பர் 23 சூறாவளி. மட்டக்களப்பு ஆட்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. வீட்டுக் கூரை போனது, பெட்டியும் போனது. றொக்சியில் ஒலிப்பதிவு செய்த அல்பம் ஒன்று 1977 இல் வெளிவந்தது, அதைத் தேடிக் கேளுங்க. பாட்டுக்கு இடையில் சனம் கதைக்கிறதும் அதில் கேட்கும், பாட்டைவிட எனக்கு அதுதான் பிடிக்கும்.

கல்முனை அக்கா, நியூயோர்க்:

லண்டன் கதை நல்லா இருக்கு. ஆனால் தம்பிக்கு உதவுவது நியூயோர்க்கில் இருந்த சிபிஜிபி என்ற கிளப்பின் கதைதான் என்று நினைக்கிறேன். பவரி வீதி 315. ஹிலி கிறிஸ்டல் என்பவர் 1973 டிசம்பரில் திறந்தார். அந்த எழுத்துகளுக்கு விரிவு கன்ட்ரி, புளூகிராஸ், புளூஸ். அவர் எதிர்பார்த்து வந்தது அந்த இசைதான், வந்து சேர்ந்ததோ டெலிவிஷன், றமோன்ஸ், பட்டி ஸ்மித், புளொண்டி, டோக்கிங் ஹெட்ஸ் என்ற றொக் ஆட்கள். பவரி அப்போது குடிகாரரும் வீடற்றவர்களும் படுத்துக் கிடக்கிற தெரு. இதிலும் அதே கதைதான் பாருங்க, யாருக்கும் வேண்டாத இடம்.

அவர் வைத்த சட்டம்தான் முக்கியம். சொந்தப் பாட்டுத்தான் வாசிக்க வேண்டும். மற்றவர்களுடைய பாட்டுக்கு அனுமதியில்லை. சாமான்களை பாண்டே தூக்க வேண்டும். வாசலில் சேருகிற காசு பாண்டுக்கு, பாரில் சேருகிற காசு அவருக்கு. நாங்கள் போன காலத்தில் பெயர் ஏற்கெனவே பெரிதாகிவிட்டது, சுவர் முழுக்க ஸ்டிக்கர், கழிப்பறையைப் பற்றி இங்கே எழுத முடியாது. வாடகைப் பிரச்சினையில் 2006 அக்டோபர் 15 ஆம் திகதி பட்டி ஸ்மித் பாடி முடிய மூடினார்கள். 2008 இல் அந்த இடத்தில் விலை கூடின ஆம்பிளை உடுப்புக் கடை வந்தது.

புளியந்தீவு மாமா:

நியூயோர்க்தான் மூத்தது, அதில் வாதம் இல்லை மகள். றமோன்ஸ் 1976 ஜூலை 4 இல் லண்டன் ரவுண்ட்ஹவுஸுக்கு வந்து வாசித்ததும் எங்கட பக்கத்துப் பொடியன்களுக்குப் பெரிய உந்துதல். நான் அப்போது வந்திருக்கவில்லை, ஆனால் எல்லோரும் அதைப் பற்றியே கதைப்பார்கள். ஆனால் ஹிலிக்கு முப்பது வருடத்துக்கு மேல் இடம் கிடைத்தது. றொக்சிக்கு நாலு மாதம். உங்களுக்கும் நாலு மாதம்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்க.

தம்பி, மேடை கட்ட வேண்டாம். எங்கட வட்டக்களரியில் கூத்து ஆடுகிற மாதிரி நடுவில் நில்லுங்க, சனம் சுற்றி நிற்கட்டும். அண்ணாவியார் மத்தளத்தோடு ஆட்டக்காரருக்குப் பக்கத்தில்தானே நிற்கிறார். ஒரு பாண்டுக்கு இருபது நிமிடம், அதற்கு மேல் கொடுக்க வேண்டாம். பொலிஸில் ஒலிபெருக்கி அனுமதி எடுங்க, பக்கத்து வீட்டுக்காரரிடம் முதலே போய்ச் சொல்லுங்க.

கல்லடிப் பொடியன்:

நன்றி மாமா, அக்கா. சொந்தப் பாட்டு மட்டும் என்ற சட்டத்தை இன்றைக்கே கராஜ் சுவரில் எழுதுகிறோம். பைலா கேட்டு வருகிறவருக்கு ட்ரம்ஸ்காரன்தான் மறுமொழி சொல்ல வேண்டும், அவன் ஆள் பெரிசு. திருமலை வீதிப் பக்கம் பூட்டிக் கிடக்கிற ஒரு அரிசிக் களஞ்சியத்தைப் பார்த்து வைத்திருக்கிறோம், உரிமையாளர் வாடகை இன்னும் சொல்லவில்லை. ஏறாவூர், கல்முனை, அம்பாறைப் பக்கம் சொந்தமாகப் பாட்டு எழுதுகிற ஆட்கள் இருந்தால் எழுதுங்க. வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

அக்கரைப்பற்று நானா:

என்ட மகன் ராப் எழுதுவான். இருபது நிமிடம் காணாது, ஆனால் அனுப்பி வைக்கிறேன். சல்லி வாசலில்தானே?