மறு: பல்தலைமுறைக் குடியிருப்பு – ஒரு சொல்லா, இரண்டா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கட்டடக்கலைச் சொற்பட்டியலில் 'பல்தலைமுறைக் குடியிருப்பு' என்ற ஒரே பதிவின்கீழ் இரண்டு வேறு பொருள்களைப் போட்டு வைத்திருக்கிறோம்: ஒரே குடும்பத்தின் பல தலைமுறைகள் வாழும் வீடு ஒன்று, உறவில்லாத பல வயதினர் சேர்ந்து புழங்கும் கட்டடம் இன்னொன்று. இதை இப்படியே விட்டால் படிக்கிற மாணவர்கள் குழம்புவார்கள். இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பது என் கருத்து. இரண்டு வகையும் சிங்கப்பூரில் இருக்கின்றன. தமிழ் அங்கே ஆட்சிமொழி என்பதால் சொற்களும் ஓரளவு புழங்குகின்றன. அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

முதல் வகை, ஒரே வீடு. அங்கே அரசு வீடுகளைக் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) 2013இல் மூன்று தலைமுறைக் குடும்பங்களுக்கென்று தனி வீட்டு வகையைக் கொண்டுவந்தது. சுமார் 115 சதுர மீட்டரில் நான்கு படுக்கையறை, மூன்று குளியலறை. வீவகவின் 'ஐந்தறை வீடு' என்ற வகையைவிடப் பரப்பில் பெரிதாக ஒன்றும் கூடுதல் இல்லை. ஆனால் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் தனித்தனியே குளியலறையோடு சேர்ந்த படுக்கையறை உண்டு.

> 'கூட்டுக்குடும்ப வீடு' என்று எல்லாருக்கும் தெரிந்த சொல் இருக்கிறதே, புதிது எதற்கு?

ஐயா, கூட்டுக்குடும்பம் என்றால் அண்ணன் தம்பி குடும்பங்கள் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுவதும் அதில் அடங்கும். வீவக வீடு அதற்கானது இல்லை. வயதான பெற்றோர், மணமான பிள்ளை, பேரப்பிள்ளைகள் என்று மேலிருந்து கீழே இறங்கும் குடும்பத்துக்கானது. பின்னாளில் விற்றாலும் அதேபோன்ற குடும்பத்துக்குத்தான் விற்க முடியும். குடும்ப அமைப்பே அந்த வீட்டின் வரையறை. ஆகவே 'முத்தலைமுறை வீடு' என்பதே பொருத்தம். முத்தமிழ், முக்கனி போல வாயில் எளிதாக வரும். 'மூவறை வீடு' என்று அங்கே ஏற்கெனவே உள்ள சொல்லோடும் குழம்பாது.

இரண்டாவது வகைக்குத்தான் நாம் கூடுதலாக யோசிக்க வேண்டும். உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் உள்ள கம்போங் அட்மிரல்ட்டி என்ற அடுக்குமாடி வளாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே பொதுச் சதுக்கம், அதற்கு மேலே உணவங்காடி, மருத்துவ நிலையம், உச்சியில் தோட்டம். குழந்தைப் பராமரிப்பு நிலையமும் மூத்தோர் நிலையமும் அருகருகே. 2018இல் உலகக் கட்டடக்கலை விழாவில் அந்த ஆண்டின் சிறந்த கட்டடம் என்ற விருதும் கிடைத்தது. அங்குள்ள 104 வீடுகளும் மூத்தோருக்கானவை. ஆனால் அங்கே வந்துபோகிற குழந்தைகள் அவர்களுடைய பேரப்பிள்ளைகளாக இருக்க வேண்டியதில்லை. இதைத் 'தலைமுறை' என்று சொன்னால் நம் மனம் தாத்தா, அப்பா, பேரன் என்று கொடிவழிக்குப் போய்விடுகிறது. இங்கே உறவு இல்லை, வயது வேறுபாடுதான் இருக்கிறது. அதனால் 'பல்வயது வளாகம்' என்று முன்மொழிகிறேன். வீடுகளிலும் எல்லா வயதினரும் கலந்திருந்தால் 'பல்வயதுக் குடியிருப்பு'. முன்னொட்டு ஒன்றே, பெயர்ச்சொல் மட்டும் மாறும்.

இந்தப் பிரிவு வெறும் சொல் சுத்தத்துக்காக இல்லை. சிங்கப்பூரின் பழைய அடுக்குமாடிகள் பலவற்றில் செலவைக் குறைக்க லிஃப்ட் சில மாடிகளில் மட்டுமே நின்றது. மற்ற மாடிக்காரர்கள் படியேற வேண்டும். 2001இல் தொடங்கிய மேம்பாட்டுத் திட்டத்தில்தான் கூடியவரை எல்லா மாடியிலும் நிற்க வழிசெய்தார்கள். வீட்டுக்குள் பாட்டிக்கு எவ்வளவு நல்ல அறை கொடுத்தாலும், லிஃப்ட் வாசலுக்கு வராவிட்டால் அவர் உள்ளேயே அடைபட்டுக் கிடப்பார். வீட்டை வடிவமைப்பதும் கட்டடத்தை வடிவமைப்பதும் வேறு வேறு வேலை. இரண்டையும் ஒரே சொல்லுக்குள் வைத்தால், முதல் வேலையை முடித்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று நினைக்க இடம் கொடுக்கிறோம்.

> விலை பற்றிய அடைமொழிக்கு 'மலிவு' போதாதா?

அக்கா, 'affordable housing' என்பதற்கு எனக்கு அது பிடிக்கவில்லை. மலிவு என்றதும் சுவர் மெலிந்துவிடுகிறது! பொருள் எப்படிப்பட்டது என்று சொல்லும் சொல் அது. நமக்கு வேண்டியது, வாங்குகிறவரின் வருமானத்துக்கு எட்டுகிறதா என்று சொல்லும் சொல். 'கட்டுப்படியான விலை' என்று சிங்கப்பூரில் எழுதுகிறார்கள். கடைத்தெருவில் நாமும் "கட்டுப்படியாகாது" என்கிறோமே, அதே சொல்தான். 'கட்டுப்படி விலைக் குடியிருப்பு' என்று வைக்கலாம்.

ஐயா, கோப்பு உங்களிடம்தான் இருக்கிறது. பழைய பதிவை நீக்க வேண்டாம். 'காண்க: முத்தலைமுறை வீடு, பல்வயதுக் குடியிருப்பு, பல்வயது வளாகம்' என்று மாற்றிவிட்டால் போதும். அப்புறம், பட்டியலில் உள்ள சாய்தளம், கைப்பிடிக் கம்பி என்ற பதிவுகள் இரண்டும் அப்படியே இருக்கட்டும். மறுப்பு இருப்பவர்கள் எழுதுங்கள்.