மைய அரசிடம் அதிகாரம் குவிந்தால் கொடுங்கோன்மை தவிர்க்க முடியாததா?

கேள்வி

அதிகாரம் ஓரிடத்தில் குவியக் குவிய அது கொடுங்கோன்மையில்தான் போய் முடியும் என்று பலரும் அடித்துச் சொல்கிறார்கள். ஹிட்லரின் ஜெர்மனியையும் ஸ்டாலினின் சோவியத் ஒன்றியத்தையும் சான்றாகக் காட்டுகிறார்கள். ஆனால் டென்மார்க், நார்வே, நியூசிலாந்து ஆகியவையும் அதிகாரம் மைய அரசிடமே இருக்கும் ஒற்றையாட்சி நாடுகள்தாம். நியூசிலாந்து 1876-இல் தன் மாகாணங்களைக் கலைத்தது. 1950-இல் சட்டம் இயற்றி நாடாளுமன்றத்தின் மேலவையையும் ஒழித்தது. அங்கே கொடுங்கோலர் எவரும் தோன்றவில்லையே. அப்படியிருக்க, ‘தவிர்க்க முடியாதது’ என்று எப்படிச் சொல்ல முடியும்?

பதில் 1

காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிப் பார்ப்பதால் வரும் குழப்பம் இது என்பது என் கருத்து. ஜெர்மனியில் அமைச்சரவையே சட்டம் இயற்றலாம் என்ற அதிகாரமளிப்புச் சட்டம் நிறைவேறியது 1933 மார்ச் 23 அன்று. மாநிலங்களின் இறையாண்மை மைய அரசுக்கு மாற்றப்பட்டதோ 1934 ஜனவரி 30 அன்று. முதலில் சர்வாதிகாரம் வந்தது, அது பிறகு மாநிலங்களை விழுங்கியது. சோவியத் ஒன்றியத்திலோ 1936-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு, குடியரசுகளுக்குப் பிரிந்து போகும் உரிமையையே வழங்கியிருந்தது. கட்சி ஒன்றே ஒன்றாக இருந்த நாட்டில் அது வெறும் ஏட்டுச் சுரைக்காய்.

பதில் 2

மேலே எழுதிய நண்பர் ஒரு படியைத் தாண்டிவிட்டார். 1932 ஜூலை 20 அன்று, ஹிட்லர் பதவிக்கு வருவதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே, ஜெர்மன் பிரதமர் பாப்பன் அந்நாட்டு அரசியலமைப்பின் 48-ஆவது பிரிவின் கீழான அவசர ஆணையைக் கொண்டு பிரஷ்ய மாநில அரசை அகற்றினார். நாட்டின் மக்கள்தொகையில் பாதிக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த மாநிலம் அது. வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று. ஆனால் அக்டோபரில் வந்த தீர்ப்பு, பழைய அமைச்சரவைக்கு ஆட்சிப் பொறுப்பைத் திருப்பித் தரவில்லை. 1933 ஜனவரியில் ஹிட்லரின் நாஜிக் கட்சித் தலைவர்களில் ஒருவரான கோரிங் பிரஷ்யாவின் உள்துறைப் பொறுப்பை ஏற்றபோது, அம்மாநிலத்தின் முழுக் காவல்துறையும் ஆயத்தமாக அவர் கைக்கு வந்து சேர்ந்தது. அதிகாரக் குவிப்பு கொடுங்கோன்மையைப் பெற்றெடுக்கிறது என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் வரப்போகிறவனுக்கு வழியைச் செப்பனிட்டு வைக்கிறது.

பதில் 3

கொடுங்கோன்மை மேலிருந்துதான் வரும் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டதுபோலத் தெரிகிறது. 1957-இல் அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழையாதபடி தேசியக் காவற்படையை நிறுத்தியவர் மாநில ஆளுநர். 101-ஆவது வான்வழிப் படைப்பிரிவை அனுப்பி அவர்களை உள்ளே அழைத்துச் செல்ல வைத்தவர் குடியரசுத் தலைவர் ஐசனாவர். அந்த மாணவர்களிடம் ‘பரவலாக்கப்பட்ட அதிகாரமே சுதந்திரத்தின் காவல்’ என்று யார் போய்ச் சொல்வது?

நான் அதிகாரத்தின் அளவைவிட அது நீடிக்கும் காலத்தையே பெரிதாகக் கருதுகிறேன். பழைய ரோமானியக் குடியரசில் சர்வாதிகாரி என்பது சட்டப்படியான பதவி. அதன் அதிகாரம் மிகப் பெரிது, ஆனால் வழக்கமான வரம்பு ஆறு மாதம். பல தலைமுறைகளுக்கு அந்த ஏற்பாடு குடியரசைக் கவிழ்த்துவிடவில்லை. படைத்தலைவர் சுல்லா கால வரம்பின்றி அப்பதவியை ஏற்றதும், கி.மு. 44-இல் சீசர் வாழ்நாள் முழுமைக்கும் ஏற்றதும்தான் குடியரசின் முடிவுக்கு இட்டுச் சென்றன.

பதில் 4

கேள்வி கேட்டவர் நியூசிலாந்தோடு நிறுத்திக்கொண்டார். அந்தக் கதை 1950-க்குப் பின்னும் தொடர்கிறது. 1980-களிலும் 1990-களின் தொடக்கத்திலும் அங்கே அடுத்தடுத்து வந்த அரசுகள், தேர்தலில் சொல்லாத பெரும் பொருளாதார மாற்றங்களைத் தடுப்பாரின்றி விரைந்து செய்து முடித்தன. ஆகவே அதிகாரக் குவிப்பு பற்றிய மக்களின் அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் 1993-இல் பொதுவாக்கெடுப்பின் மூலம் அதே மக்கள் தேர்தல் முறையையே மாற்றினார்கள். 1996 முதல், கட்சிகள் பெறும் வாக்குக்கேற்ப இடங்கள் தரும் விகிதாசார முறையில் தேர்தல் நடப்பதால், ஒரு கட்சி தனித்து ஆள்வது அங்கே அரிதாகிவிட்டது. பெரும்பாலான சட்டங்களைச் சாதாரணப் பெரும்பான்மையால் மாற்றக்கூடிய அந்த நாடாளுமன்றம், தன் மூன்றாண்டுப் பதவிக்காலம் உள்ளிட்ட சில தேர்தல் விதிகளை மாற்ற வேண்டுமானால் 75 விழுக்காடு உறுப்பினர்களின் ஆதரவையோ பொதுவாக்கெடுப்பையோ பெற்றாக வேண்டும்.