கிராப்பில் தேதி எல்லாம் 1900 ஆகிறது, அவசர உதவி

தோட்டத்துவீடு:
வணக்கம். எங்கள் கிணற்று நீர்மட்டத்தை 2 வருடமாகக் குறித்து வைத்திருக்கிறேன். கிராப் போட்டால் கீழே தேதி வர வேண்டிய இடத்தில் எல்லாம் 1900 என்று வருகிறது. நாளைக் காலை ஆழ்துளைக் கிணறு போட போர் வண்டிக்காரர் வருகிறார். அதற்குள் அப்பாவிடம் காட்ட வேண்டும். எந்த கிராப் போட்டால் சரியாக வரும்?

கயல்:
எக்செலா, கூகுள் ஷீட்ஸா? என்ன வகை கிராப் போட்டீர்கள்? ஸ்கிரீன்ஷாட் இருந்தால் போடுங்கள்.

கரிசல்காடு:
பார் சார்ட் (பட்டைப் படம்) போடுங்கள் சகோ. பெரியவர்களுக்கு அதுதான் பார்த்தவுடன் விளங்கும். லைன் (கோட்டுப் படம்), ஸ்கேட்டர் (புள்ளிப் படம்) எல்லாம் நமக்குத்தான். மாத மழையையும் வலது பக்கம் இன்னொரு அளவுகோல் வைத்துச் சேர்த்துவிடுங்கள், மழைக்கும் ஊற்றுக்கும் உள்ள உறவு தெரியும்.

கணக்குப்பிள்ளை:
இதே கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை பதில் சொல்லியாயிற்று. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. காலப்போக்கில் மாறும் அளவுக்கு லைன். அளவெடுத்த இடைவெளி சமமாக இல்லையென்றால் ஸ்கேட்டர். வகைகளை ஒப்பிட பார். இது அரிச்சுவடி. முதலில் இதைக் கற்றுக்கொண்டு வாருங்கள் தம்பி.

தோட்டத்துவீடு:
எக்செல்தான். ஸ்கேட்டர்தான் போட்டேன் சார். வாரம் ஒரு முறை எடுத்தது, சில சமயம் 20 நாள் விட்டுப்போயிருக்கும். லைன் போட்டாலும் சரியில்லை, 20 நாள் இடைவெளியும் ஒரு வாரம் மாதிரியே விழுகிறது. ஸ்கேட்டரில் கீழே 1/0/1900 என்று தொடங்கி 3/20/1900-இல் முடிகிறது.

கயல்:
அந்த 1/0/1900-லேயே விடை இருக்கிறது. எக்செலுக்குத் தேதி என்பது ஓர் எண். 1900 ஜனவரி 1 என்றால் 1. பூஜ்யத்தைத் தேதியாகக் காட்டச் சொன்னால் ஜனவரி 0 என்று காட்டும். 3/20/1900 என்றால் 80. உங்களிடம் 70-80 அளவுகள் இருக்கின்றனவா? ஸ்கேட்டரில் தேதி நெடுவரிசையில் ஒரே ஒரு கட்டம் எழுத்தாக இருந்தாலும் போதும், எல்லாத் தேதியையும் விட்டுவிட்டு 1, 2, 3 என்று வரிசை எண் போட்டுக்கொள்ளும்.

இன்னொன்று: மாதம் முன்னால், நாள் பின்னால் வருகிறது. கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் இருக்கிறது. நீங்கள் எழுதிய 5/6 அங்கே மே 6. 13/6 வந்தால் 13-ஆவது மாதம் இல்லையே, அதனால் எழுத்தாகவே விட்டுவிடும். தேதி நெடுவரிசையை அகலமாக்கிப் பாருங்கள். சில தேதிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒட்டி நிற்கும். இடப்பக்கம் நிற்பவை எழுத்து. வலப்பக்கம் நிற்பவைதான் ஆபத்து, பார்க்கச் சரியாகவே இருக்கும், ஆனால் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும்.

தோட்டத்துவீடு:
74 அளவுகள்! ஆமாம், பாதி இடப்பக்கம். போனிலிருந்து வந்த சிஎஸ்வி பைல் (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு), அப்படியே திறந்தேன்.

கயல்:
அந்த ஷீட்டைத் திருத்த வேண்டாம். காலி ஷீட் திறந்து, டேட்டா பகுதியில் ப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி மூலம் மறுபடி எடுங்கள். டிரான்ஸ்பார்ம் டேட்டா அழுத்தி, வலப்பக்கம் சேஞ்ச்டு டைப் என்ற படி இருந்தால் நீக்குங்கள். தலைப்பு முதல் வரிசையில் இருந்தால் அதைத் தலைப்பாக்கிவிட்டு, தேதி நெடுவரிசையில் வலது கிளிக், சேஞ்ச் டைப், யூசிங் லொகேல் (எந்த நாட்டு முறை என்பது), டேட், இங்கிலிஷ் (இந்தியா).

கணக்குப்பிள்ளை:
இவ்வளவு எதற்கு? கூகுள் ஷீட்ஸில் போட்டால் முடிந்தது.

கயல்:
அங்கேயும் லொகேல் அமெரிக்காவாக இருந்தால் இதே கதைதான் சார். தேதி சரியானபின் லைனே போதும், கீழ் அளவுகோலை டேட் ஆக்சிஸ் என்று வைத்தால் நாள் கணக்குப்படி இடைவெளி விடும். ஒரே நாளில் இரண்டு மூன்று முறை அளந்திருந்தால்தான் ஸ்கேட்டர் வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
சரி, அது ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கரிசல்காடு சொன்ன இரட்டை அளவுகோலை யாரும் செய்யாதீர்கள். அளவுகோலைச் சற்று நீட்டிச் சுருக்கினால் மழையும் நீர்மட்டமும் ஒன்றாகவே நடப்பது போலக் காட்டிவிடலாம். மழைக்குத் தனிப் படம், அதே தேதிக்கு நேர் கீழே.

கரிசல்காடு:
ஏமாற்றவா சொன்னேன்? வடகிழக்குப் பருவமழை முடிந்து எத்தனை நாளில் கிணறு ஏறுகிறது என்று ஒரே படத்தில் பார்க்க வேண்டாமா? போர் போட 1 அடிக்கு இத்தனை என்று காசு கொடுப்பவருக்கு அதுதானே கேள்வி.

கணக்குப்பிள்ளை:
நீங்கள் சொன்ன பார் அதைவிட மோசம். இவர் அளந்தது ஆழமா, தண்ணீர் உயரமா? ஆழம் என்றால் வறண்ட மாதத்தில்தான் பார் உயரமாக நிற்கும். அப்பா அதைப் பார்த்துத் தண்ணீர் நிறைய இருக்கிறது என்பார்.

தோட்டத்துவீடு:
தரையிலிருந்து கயிறு விட்டு அளந்த ஆழம்தான் சார். அடிக்கு ஒரு முடிச்சு.

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் இடப்பக்க அளவுகோலில் வலது கிளிக், பார்மட் ஆக்சிஸ், வேல்யூஸ் இன் ரிவர்ஸ் ஆர்டர். 0 மேலே வரும், கோடு கிணற்றுக்குள் இறங்குவது போல இறங்கும்.

தோட்டத்துவீடு:
வந்துவிட்டது. முதல் கோடை 41 அடியில் நின்றது, இந்தக் கோடை 44. அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். போர் வண்டியை ஒரு வாரம் தள்ளி வரச் சொல்லியிருக்கிறோம், முதலில் தூர்வாரிப் பார்க்கலாம் என்கிறார். கயல் அக்காவுக்கும் சாருக்கும் நன்றி.

மழைமானி:
எனக்கும் இதே வேலை இருக்கிறது. ரிவர்ஸ் போட்டதும் தேதி வரிசை மேலே ஏறிவிட்டதே?

கணக்குப்பிள்ளை:
அதே பார்மட் ஆக்சிஸில், ஹாரிசான்டல் ஆக்சிஸ் கிராசஸ் என்ற இடத்தில் மேக்சிமம் ஆக்சிஸ் வேல்யூ. கீழே இறங்கிவிடும்.