அப்சர்வர் பாங்கைக் கணித முறையில் வரையறுத்தால் விதி உடைவது ஏன்?

கேள்வி:
வணக்கம். 1994இல் நான்கு ஆசிரியர்கள் எழுதி வெளிவந்த 'டிசைன் பேட்டர்ன்ஸ்' என்ற நால்வர் நூலின் 23 மென்பொருள் வடிவமைப்புப் பாங்குகளில் அப்சர்வரை மட்டும் எடுத்து, மாதிரிகளை முறைப்படி எழுதிச் சரிபார்க்க உதவும் அலாய் மொழியில் வரையறுத்துப் பார்க்கிறேன். ஓர் ஆப்ஜெக்ட் (சப்ஜெக்ட்) மாறும்போது, அதைக் கவனிக்கப் பதிவு செய்துள்ள மற்ற ஆப்ஜெக்டுகளுக்கு (அப்சர்வர்கள்) அறிவிப்பதே இந்தப் பாங்கு. எந்த ஆப்ஜெக்ட் எதைக் கவனிக்கிறது என்ற கட்டமைப்பை எழுதுவதில் சிக்கல் இல்லை. ஆனால், 'பதிவு செய்துள்ள ஒவ்வோர் அப்சர்வரின் மதிப்பும் சப்ஜெக்டின் மதிப்போடு எப்போதும் ஒத்திருக்கும்' என்ற விதியைச் சரிபார்க்கச் சொன்னால், ஒரு சப்ஜெக்டும் ஓர் அப்சர்வரும் மட்டுமே உள்ள நிலையிலேயே அலாயின் கருவி எதிர்க்காட்டை, அதாவது விதி உடையும் நிலை ஒன்றை, காட்டிவிடுகிறது. பிழை என் வரையறையிலா, பாங்கிலேயேவா?

மறுமொழி 1:
பிழை 'எப்போதும்' என்ற சொல்லில் இருக்கிறது. சப்ஜெக்ட் மாறிய கணத்துக்கும் அச்செய்தி அப்சர்வரைச் சென்றடையும் கணத்துக்கும் இடையில் இரண்டும் வேறுபட்டே இருக்கும். அந்த இடைவெளி இல்லையென்றால் அறிவிக்கும் மெத்தடுக்கே வேலையில்லை. 'சப்ஜெக்ட் இனி மாறாதிருந்தால், பதிவை நீக்கிக்கொள்ளாத ஒவ்வோர் அப்சர்வரும் ஏதேனும் ஒரு கட்டத்தில் அதனோடு ஒத்துப்போய், பின் அப்படியே நீடிக்கும்' என்று காலத்தையும் சேர்த்து எழுதுங்கள். 2021இல் வந்த அலாய் 6இல் இதற்கான காலச் செயலிகள் உள்ளன. லெஸ்லி லாம்போர்ட் உருவாக்கிய டிஎல்ஏ பிளஸ் என்ற வரையறை மொழியும் பொருந்தும்.

மறுமொழி 2:
ஏற்கிறேன், ஆனால் 'மதிப்பு ஒத்திருத்தல்' என்பதும் குறுகலான விதியே. ஒரே தரவை ஓர் அப்சர்வர் அட்டவணையாகவும் மற்றொன்று வட்ட வரைபடமாகவும் காட்டலாம். எது 'ஒத்திருத்தல்' என்பதை ஒவ்வோர் அப்சர்வரும் தனக்குரிய உறவாகத் தரட்டும். இன்னொன்று: நால்வரில் ஒருவரான ரிச்சர்ட் ஹெல்ம், 1990இலேயே வேறு இருவருடன் சேர்ந்து, ஆப்ஜெக்டுகளின் கூட்டு நடத்தையை 'ஒப்பந்தம்' என்ற பெயரில் முறைப்படி எழுத முயன்றவர். நால்வர் நூலோ உரைநடையையும் வரைபடங்களையும் மாதிரி நிரலையும் கொண்டே பாங்குகளை விளக்கியது.

மறுமொழி 3:
திருத்திய விதியும் எல்லா இடத்திலும் நிற்காது. அப்சர்வர் அ, தனக்கு அறிவிப்பு வந்த உடனே சப்ஜெக்டின் மதிப்பை 1இலிருந்து 2ஆக மாற்றுகிறது என்று கொள்ளுங்கள். உள்ளே புதிய அறிவிப்புச் சுற்று ஒன்று தொடங்கி, மற்றோர் அப்சர்வரான ஆவுக்கு 2 போய்ச் சேருகிறது. அது முடிந்ததும் பாதியில் நின்ற பழைய சுற்று தொடர்ந்து, அதே ஆவுக்கு 1ஐ அனுப்புகிறது. மதிப்பை அறிவிப்போடு சேர்த்து அனுப்பும் வடிவில் ஆ பழைய மதிப்போடு நின்றுவிடும். சப்ஜெக்டிடம் கேட்டு வாங்கும் வடிவில் இரண்டு முறையும் 2தான் கிடைக்கும்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. தொடங்கிய அறிவிப்புச் சுற்று முடிந்தே தீரும் என்ற முன்நிபந்தனையையும் சேர்த்து ஓட்டினேன். மதிப்பை அனுப்பும் வடிவில் நீங்கள் சொன்ன எதிர்க்காட்டே வந்தது. கேட்டு வாங்கும் வடிவில், நான் கொடுத்த சிறிய எல்லைக்குள் எதுவும் வரவில்லை. இவ்விரண்டையும் ஒரே பாங்காக வரையறுப்பதை விட்டுவிட்டு, முதல் வடிவுக்கு மட்டும் அறிவிப்புகளை வரிசையில் நிறுத்தும் நிபந்தனையைச் சேர்த்துத் தனியே எழுதப்போகிறேன்.