யூரின் இன்ஃபெக்‌ஷன் அட்மிஷனுக்கு க்ளெய்ம் மறுப்பு: மேல்முறையீட்டில் எதை வைப்பது?

கேள்வி – அல்சூர், பெங்களூரு

அம்மாவுக்கு 61 வயது, சர்க்கரை உண்டு. குளிர் நடுக்கத்தோடு 103 டிகிரி காய்ச்சல், வாந்தி. யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று 3 நாள் அட்மிட் செய்து ஊசி போட்டார்கள். "ஓ.பி.யிலேயே பார்த்திருக்கலாம்" என்று இன்ஷூரன்ஸில் மறுத்துவிட்டார்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, பில் எல்லாம் கொடுத்தாச்சு. இனி எதைக் காட்டுவது?

பதில் 1

சம்மரியையே திரும்ப அனுப்பினால் அதே பதில்தான் வரும். ஆஸ்பத்திரியின் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் முழு கேஸ் ஷீட் நகலை எழுத்தில் கேளுங்கள். 2002 மருத்துவ நடத்தை விதிப்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். காஷுவாலிட்டி குறிப்பு, காய்ச்சல்-நாடி சார்ட், மருந்து சார்ட், சலைன் கணக்கு நாலும் இருக்கிறதா பாருங்கள்.

இன்ஷூரன்ஸ் தரப்பில் கோப்பைப் பார்க்கும் டாக்டர் முதலில் தேடுவது, வந்து சேர்ந்த சில மணி நேரத்தில் பதிவான பிபி, நாடி, காய்ச்சல். அடுத்து, ஆன்டிபயாட்டிக் நரம்பு வழியாக எத்தனை வேளை போனது என்பது. சார்ட்டில் மூன்று நாளும் 98.6 என்றே எழுதி, பாராசிட்டமாலும் சலைனும் மட்டும் இருந்தால் ஜெயிப்பது கஷ்டம்.

அம்மாவுக்கு சிகிச்சை பார்த்த டாக்டரிடம் கடிதம் வாங்குங்கள். "அட்மிஷன் அவசியம்" என்ற ஒற்றை வரி உதவாது. வாந்தியால் மாத்திரை தங்கவில்லை, சேரும்போது சர்க்கரை எவ்வளவு, கிரியாட்டினின் (சிறுநீரக ரத்தப் பரிசோதனை) எவ்வளவு, ஊசியிலிருந்து மாத்திரைக்கு எப்போது மாற்றினார்கள் – இவை நேரத்தோடு வேண்டும். யூரின் கல்ச்சர் (எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்ற பரிசோதனை) முடிவு வர 2, 3 நாள் ஆகும் என்பதால் சம்மரியில் விட்டுப்போயிருக்கும். முன்பு கொடுத்த மாத்திரைக்குக் கிருமி கட்டுப்படாது என்று அதில் இருந்தால், அதைவிட வலுவான சான்று இல்லை.

பதில் 2

மறுப்புக் கடிதத்தில் எந்த பாலிசி விதி என்று போட்டிருக்கிறதா? இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யின் 2024 மே மாத சுற்றறிக்கைப்படி விதியைக் குறிப்பிட்டே மறுக்க வேண்டும்; கம்பெனியின் க்ளெய்ம் ரிவ்யூ கமிட்டியின் ஒப்புதலும் தேவை. இரண்டையும் கேட்டு மெயில் அனுப்புங்கள். "பரிசோதனைக்காக மட்டுமே அட்மிஷன்" என்ற விலக்கைக் காட்டியிருந்தால், மருந்து சார்ட்தான் அதற்கு நேர் பதில்.

முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஐஆர்டிஏஐ-யின் புகார் தளமான பீமா பரோசாவிலும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது திருப்தி இல்லை என்றால் ஜே.பி. நகரில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் (கம்பெனிக்கு வெளியே புகாரை விசாரிப்பவர்) போகலாம். அதற்கு ஒரு வருடம்தான் கெடு. கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். நுகர்வோர் கோர்ட்டில் ஏற்கெனவே வழக்கு இருந்தால் எடுக்க மாட்டார்கள்.

கேட்டவர்

நன்றி சார். சம்மரியையே மாற்றி எழுதித் தருகிறோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள், வாங்கலாமா?

பதில் 1

தயவுசெய்து வேண்டாம் மேடம். பழைய சம்மரி இன்ஷூரன்ஸ் கம்பெனி கையில் இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மோசடி என்று பாலிசிக்கே ஆபத்து. விட்டுப்போனதை இன்றைய தேதியிட்ட தனிக் கடிதமாக, டாக்டரின் பதிவு எண்ணோடும் சீலோடும் வாங்குங்கள். அதில் உள்ள ஒவ்வொரு எண்ணும் கேஸ் ஷீட்டில் எந்தப் பக்கம் என்று பென்சிலில் குறித்து அனுப்புங்கள்.