667 பகா எண் இல்லையா? எங்கே தவறு செய்தேன்?

கேள்வி:
667 பகா எண்ணா, பகு எண்ணா என்று கணக்கு. 2, 3, 5, 7, 11, 13, 17, 19 எல்லாவற்றாலும் வகுத்துப் பார்த்துவிட்டேன், ஒன்றிலும் மீதியில்லாமல் போகவில்லை. பகா எண் என்று எழுதினேன். விடைப் பக்கத்தில் பகு எண் என்று போட்டிருக்கிறார்கள். அச்சுப் பிழையா? 20 வரை வகுத்தால் போதும் என்று எப்போதோ கேட்ட ஞாபகம்.

பதில்:
அச்சுப் பிழை இல்லை, ஒரே ஒரு படி முன்னால் நின்றுவிட்டீர்கள். 23-ஆல் வகுத்துப் பாருங்கள், 29 வரும். நீங்கள் கேட்ட அந்த '20 வரை' 529-க்குக் கீழே உள்ள எண்களுக்குத்தான் சரிப்படும். 23-இன் வர்க்கம் 529.

கேட்டவர்:
அட, ஆமாம்! ஆனால் 23-உடன் நிறுத்தலாம் என்று எப்படித் தெரியும்?

பதில்:
காரணிகள் ஜோடி ஜோடியாக வரும். 25 × 25 = 625, 26 × 26 = 676. ஜோடியில் இரண்டுமே 26 அல்லது அதற்கு மேல் என்றால் பெருக்கற்பலன் 667-ஐத் தாண்டிவிடும். அதனால் ஒன்றாவது 25-க்குள் இருந்தே தீர வேண்டும். 25-க்குள் கடைசிப் பகா எண் 23, அவ்வளவுதான்.

இன்னொருவர்:
இதற்கு வகுக்காமலே ஒரு வழி இருக்கிறது. 676-இல் 667 போனால் 9, அதுவும் ஒரு வர்க்கம். 26² − 3² = (26 − 3) × (26 + 3) = 23 × 29.

கேட்டவர்:
703-க்குப் போட்டுப் பார்த்தேன். 27² = 729, வித்தியாசம் 26, வர்க்கமில்லை. 28² = 784, வித்தியாசம் 81. 19 × 37! இனி வகுக்கவே வேண்டாம் போலிருக்கிறதே?

பதில்:
அவசரப்படாதீர்கள். இரண்டு காரணிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் இது ஓடும். பகா எண்ணே கையில் சிக்கினால் தொலைந்தோம்: 101-க்கு 11²-இல் தொடங்கி 51² வரை ஏறினால்தான் 1 × 101 என்று வரும். வகுத்தால் 7-உடன் வேலை முடிந்தது.

கேட்டவர்:
சரி, முதலில் இரண்டு மூன்று வர்க்கம் பார்க்கிறேன், அமையாவிட்டால் வகுத்தல்தான். அடுத்த கணக்கு 899. 900-இல் ஒன்று குறைவு, பார்த்ததுமே 29 × 31 என்று வந்துவிட்டது.