இத்தாலிக்குப் புதுசா வந்தவங்களுக்கு: நுரைக்கும் ஒயின் பாட்டிலை எப்படிப் பார்த்து வாங்குறது?

டிசம்பர் நெருங்கினா மிலான், தொரினோ, போலோஞ்யா பக்கம் வேலைக்கும் படிப்புக்கும் வந்திருக்கிற நம்ம ஆட்கள் திரும்பத் திரும்பக் கேக்குறது இதுதான்: "இத்தாலிக்காரங்க வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்காங்க, ஒரு பாட்டில் எடுத்துட்டுப் போகணும், எதை வாங்குறது?" குடிக்கிற பழக்கம் இல்லாதவங்களுக்கும் இந்தச் சந்தர்ப்பம் வரும், அதனால கொஞ்சம் விரிவாவே எழுதுறேன்.

சூப்பர்மார்க்கெட் அலமாரி முன்னாடி நின்னதும் விலையையோ கம்பெனி பேரையோ பார்க்காதீங்க. லேபிள்ல இனிப்பு எவ்வளவுன்னு சொல்ற சின்ன எழுத்தைத் தேடுங்க. புதுசா வாங்குறவங்க ஏமாறுறது பெரும்பாலும் இங்கதான். 'ப்ரூட்'னா லிட்டருக்கு 12 கிராமுக்குள்ள சர்க்கரை. 'எக்ஸ்ட்ரா ட்ரை'னு போட்டிருந்தா 12-லிருந்து 17 கிராம் வரைக்கும், அதாவது ப்ரூட்டை விட இனிப்பு. வெறும் 'ட்ரை'னா அதுக்கும் மேல, 32 கிராம் வரைக்கும் போகும். 'தோல்சே' 50-ஐத் தாண்டினது. 'தொசாஜ்ஜோ ஜேரோ'ன்னு பார்த்தீங்கன்னா சர்க்கரை கிட்டத்தட்ட இல்லவே இல்ல. முதல் முறை குடிக்கிறவங்களுக்கு அது வெறும் புளிப்பாத்தான் தெரியும், இப்போதைக்கு விட்டுடுங்க.

அடுத்தது, நுரை எப்படி வந்துச்சுங்கிறது. ஒயினை ரெண்டாவது தடவை ஈஸ்ட்டும் சர்க்கரையும் போட்டு மூடிப் புளிக்க வைக்கிறாங்க, வெளியே போக வழியில்லாத வாயு ஒயின்லயே கரைஞ்சிடுது. இதைப் பெரிய ஸ்டீல் தொட்டியில செஞ்சா பழ வாசனை தூக்கலா இருக்கும், விலையும் குறையும். 1895-ல வடமேற்கு இத்தாலியில இருக்கிற ஆஸ்தி ஊர்ல ஃபெதெரிகோ மர்தினோத்தி காப்புரிமை வாங்கின முறை இது. 1907-ல பிரான்ஸ்காரர் ஷார்மா மேம்படுத்தினார். ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளயும் தனித்தனியா செஞ்சு மாசக்கணக்கில ஈஸ்ட் வண்டலோடயே வச்சிருந்தா அது 'மெத்தோதோ க்ளாசிகோ'. பிரெட், வறுத்த பாதாம் மாதிரி வாசனை அதுல வரும். விலை ஏறுறதுக்குக் காரணம் இந்தக் காத்திருப்புதான்.

தொட்டி முறையில பேர் வாங்கினது ப்ரோசெக்கோ. குறைஞ்சது 85 சதவீதம் கிளேரா திராட்சை இருக்கணும், வெனெத்தோ, ஃப்ரியூலி பகுதிகள்ல விளைஞ்சிருக்கணும். சாதாரண டிஓசி (எந்த ஊர்ல, எப்படிச் செஞ்சதுன்னு சட்டப்படி உறுதி சொல்ற முத்திரை) பாட்டில் 6-லிருந்து 10 யூரோவுக்குள்ள தாராளமாக் கிடைக்கும். ஆனா இன்னும் சில யூரோ போட்டு 'கோனெல்யானோ வால்தொப்பியாதெனே' டிஓசிஜி (டிஓசியை விடக் கண்டிப்பான தரம்) வாங்குங்கன்னு நான் அடிச்சுச் சொல்வேன். பாட்டில் கழுத்துல ஒட்டியிருக்கிற அரசாங்க எண் போட்ட காகிதப் பட்டையில டிஓசிஜின்னு இருக்கான்னு பாருங்க, டிஓசி பாட்டில்லயும் பட்டை இருக்கும். செங்குத்தான மலைச்சரிவுத் தோட்டங்கள் அது, பல இடங்கள்ல மெஷின் ஏற முடியாம கையாலதான் பறிக்கிறாங்க. 2019-ல யுனெஸ்கோ பட்டியல்லயும் சேர்ந்தது. பேரிக்காய், பச்சை ஆப்பிள், வெள்ளைப் பூ வாசனை தெளிவாத் தெரியும். ப்ரோசெக்கோவை விசேஷத்துக்குன்னு வருஷக்கணக்கா எடுத்து வைக்காதீங்க, இளசாக் குடிக்க வேண்டிய ஒயின்.

ஒரு எச்சரிக்கை. நுரைக்கிறதெல்லாம் ப்ரோசெக்கோ இல்ல. ப்ரெஷா ஊர்ப் பக்கம் ஒரு வீட்டுல அவங்க ஊத்தின ஃப்ராஞ்சகோர்த்தாவை "ப்ரோசெக்கோ நல்லா இருக்கு"ன்னு சொன்னா முகம் சுருங்கிடும். இசேயோ ஏரிக்குத் தெற்கே மெத்தோதோ க்ளாசிகோவுல செய்யுறது அது, 18 மாசமாவது வண்டலோட இருக்கணும்னு சட்டம். அதுலயே 'சாத்தென்'னு ஒரு வகை, வாயு அழுத்தம் குறைவு, நாக்குல மெத்துன்னு இருக்கும். த்ரெந்தோவுல 1902-ல ஜூலியோ ஃபெர்ராரி ஆரம்பிச்சு வச்ச வழியில வர்றது 'த்ரெந்தோடாக்'. மலைக்குளிர்ல விளையுறதால புத்துணர்ச்சி அதிகம். பெரியவங்க வீட்டுக்கு, மேனேஜர் வீட்டுக்குன்னா இந்த ரெண்டுல ஒண்ணு. 20 யூரோவை ஒட்டி நல்லதே கிடைக்கும்.

நம்ம சாப்பாட்டுக்கு எதுன்னு கேட்டா, என் ஓட்டு மொஸ்காத்தோ தாஸ்திக்குத்தான். ஆல்கஹால் 5 சதவீதம் சுமார், இனிப்பு, லேசான நுரை. மிளகாய்க் காரத்தை ஆல்கஹால் தூக்கிவிடும், இனிப்பு அடக்கும். அதனால செட்டிநாட்டுக் கோழி வறுவலோட ப்ரூட் எரியும், மொஸ்காத்தோ இதமா இறங்கும். வடை, பஜ்ஜி, வறுத்த முந்திரிக்கு மாத்திரம் ப்ரூட் அருமை, எண்ணெய்ப் பிசுக்கை நுரை துடைச்சிடும். பனெத்தோனே கேக்கோட ப்ரூட் ஊத்தாதீங்க, ஒயின் புளிச்சுப் போன மாதிரி இருக்கும். அதுக்கு ஆஸ்தி தோல்சே. ரெஜ்ஜோ எமீலியா, மோதெனா பக்கம் இருக்கிறவங்க சிவப்பு நுரை ஒயின் லம்ப்ரூஸ்கோவை விட்டுடாதீங்க. 'அமாபிலே'ன்னு போட்டது கொஞ்சம் இனிப்பு, மட்டன் சுக்காவோட நல்லாப் போகும்.

சைவக்காரங்க கவனிக்க: ஒயினைத் தெளிய வைக்க முட்டை வெள்ளை, பால் புரதம், மீன்ல இருந்து எடுக்கிற பசை எல்லாம் சில இடங்கள்ல சேர்க்கிறாங்க. முட்டை, பால் மிச்சம் இருந்தா லேபிள்ல வரணும், மீன் பசைக்கு அந்தக் கட்டாயம் இல்ல. 'வேகன்' முத்திரை உள்ளதா எடுத்துட்டா கவலையில்ல. குடிக்கவே மாட்டீங்கன்னா பார்ல 'அனல்கோலிகோ' (ஆல்கஹால் இல்லாதது)ன்னு கேளுங்க, க்ரோடினோ மாதிரி ஏதாவது தருவாங்க. யாரும் வற்புறுத்த மாட்டாங்க.

திறக்கிறப்போ ஜாக்கிரதை. உள்ளே அழுத்தம் கார் டயரை விட ரெண்டு மடங்கு. மூணு மணி நேரமாவது ஃபிரிட்ஜ்ல வச்சு, 6-8 டிகிரிக்குக் கொண்டு வாங்க; சூடா இருந்தா பீறிட்டு அடிக்கும். கம்பியைத் தளர்த்துனதுல இருந்து கட்டை விரலை கார்க் மேலிருந்து எடுக்கக்கூடாது. பாட்டிலைச் சாய்ச்சு, யார் முகத்துக்கும் நேரா இல்லாம, கார்க்கை இறுக்கிப் பிடிச்சுட்டு பாட்டிலோட அடியைத் திருப்புங்க. 'புஸ்'னு மெதுவா வெளிய வரணும்.

கார்ல போறவங்களுக்கு இதைத் தனியாச் சொல்லணும். இத்தாலியில ரத்தத்துல லிட்டருக்கு 0.5 கிராம்தான் வரம்பு. ஆனா கார் லைசன்ஸ் எடுத்து முதல் 3 வருஷத்துக்கும், 21 வயசுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கும் வரம்பு பூஜ்யம். நம்மள்ல பலர் இங்க வந்துதான் 'பதெந்தே' எடுக்கிறோம், அதனால வயசு 40 ஆனாலும் நீங்க அந்தக் கணக்குலதான் வருவீங்க. ஒரு கிளாஸ் ப்ரோசெக்கோ கூட ஆகாது, அன்னிக்கு ட்ராம்லயோ மெட்ரோலயோ போங்க.